டெப்பில் விதிநூல் படித்த அனுபவங்கள்

தலவாக்கலையிலிருந்து:

ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி, கதை சொல்லி ஆடும் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டை நாங்கள் ஐந்து பேர் 2021 இன் கடைசியில் ஆடத் தொடங்கினோம். கதையை நடத்தி, விதி பார்த்துத் தீர்ப்புச் சொல்பவன் நான். அச்சு விதிநூலை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்று விசாரித்துக்கொண்டிருந்த வேளையில், 200 ரூபாயளவில் நின்ற டொலர் சில வாரங்களில் 360 ரூபாய் வரை ஏறிவிட்டதால் அந்த எண்ணத்தைக் கைவிட்டோம். இலவசமாக வெளியிடப்பட்ட ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு மட்டும் எங்களிடம் பிடிஎஃப் கோப்பாக இருந்தது. கொரோனாக் காலத்தில் அக்காவின் மகளுக்கு இணையவழி வகுப்புக்காக வாங்கிய 10 அங்குல டெப்பில் அதைத் திறந்தோம்.

முதல் சிக்கல் அளவு. அந்தக் கோப்பின் பக்கம் 8.5 அங்குல அகலமும் 11 அங்குல உயரமும் கொண்டது. எங்கள் டெப்பை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் 5.3 அங்குலந்தான். முழுப் பக்கத்தையும் காட்டினால் எழுத்து ஏறத்தாழ அறுபது வீதமாகச் சுருங்குகிறது. அச்சில் 9 புள்ளியாக இருக்கும் எழுத்து திரையில் 6 புள்ளிக்கும் கீழே போய்விடுகிறது. பெரிதாக்கினாலோ, பக்கம் இரு பத்திகளாக இருப்பதால், இடப் பத்தியின் அடிவரை இறங்கி, மறுபடி மேலே ஏறி, வலப் பத்தியைத் தேட வேண்டும். தனியே உட்கார்ந்து படிக்கும்போது இது சிறு தொல்லைதான். நால்வர் முகம் பார்த்துக் காத்திருக்கும்போது அப்படியல்ல.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் ஓரிரவு நடந்ததைச் சொல்கிறேன். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பி ஒருவர், "அண்ணே, நான் அவன வெட்டல்ல, கட்டிப் புடிக்கிறேன்" என்றார். பிடிக்கும் விதி சண்டை அதிகாரத்தில் இருக்கிறது: பிடிப்பவரின் உடல்வலுப் பகடையோடு எதிரியின் வலுவையோ லாவகத்தையோ மோதவிட வேண்டும். பிடிபட்டவருக்கு என்ன ஆகும் என்பதோ, இருநூறு பக்கங்களுக்கும் அப்பால், பின்னிணைப்பில் இருக்கிறது. பிடிபட்டவர் திருப்பி அடிக்கலாமா என்று கேள்வி எழுந்தது. அச்சுப் புத்தகமாக இருந்தால் ஓர் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு மறு இடத்தைப் புரட்டியிருப்பேன். டெப்பிலோ தேடற்பெட்டியில் சொல்லைத் தட்டினால், அந்தச் சொல் வரும் ஒவ்வொரு விலங்கின் குறிப்பும் வரிசையாக வந்து நின்றது. சரியான இடத்தை அடைவதற்குள், பன்னிரண்டு வீதத்தில் இருந்த மின்கலம் தீர்ந்து திரை இருண்டுவிட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், அடிக்க முடியாது என்று நானாகத் தீர்ப்புச் சொன்னேன். அது பிழையான தீர்ப்பு. பிடிபட்டவரின் நகரும் வேகம் பூச்சியமாகும், அவ்வளவுதான். கையை ஓங்க எந்தத் தடையும் இல்லை. அந்தப் பிழையால், பின்னர் எதிரியிடம் பிடிபட்ட நண்பர் ஒருவரின் பாத்திரம் திருப்பி அடிக்க முடியாமல் அன்றிரவு மாண்டுபோனதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கோப்போடு உட்கார்ந்தேன். வெள்ளை ஓரங்களை வெட்டியதால் எழுத்து கொஞ்சம் பெருத்தது. சண்டை, மந்திரம், உடல்நிலைகள் (பிடிபடுதல், விழுந்துகிடத்தல் போலப் பாத்திரத்துக்கு நேரும் நிலைகள்) என மூன்று பகுதிகளை மட்டும் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்தெடுத்து மூன்று தாவல்களில் திறந்து வைத்தேன். விரலை இடையில் வைப்பதற்கு ஈடாக எனக்குக் கிடைத்த வழி அதுவே. ஆட்டத்துக்கு முன் திரை வெளிச்சத்தைக் குறைத்து, மின்கலத்தை நிரப்பிவிடுவது இப்போது எங்கள் வீட்டில் சோறு வடிப்பதைப் போல வழக்கமான வேலையாகிவிட்டது.

பண்டாரவளையிலிருந்து:

மேலே எழுதிய நண்பருக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். என்னுடையது அதைவிடச் சிறிய 8 அங்குல டெப். அதைக் கிடையாகப் பிடித்து, பக்கத்தின் மேற்பாதியை முதலிலும் கீழ்ப்பாதியை அடுத்தும் படிப்பதே எனக்குச் சரிவந்தது. எழுத்தைத் திரைக்கேற்ப மடித்துத் தரும் வசதியையும் முயன்று பார்த்தேன். பந்திகளுக்கு அது நன்று, அட்டவணைகளையோ குலைத்துவிடுகிறது. ஆயுதத்தின் விலை ஒரு வரியிலும் அதன் பெயர் வேறெங்கோவும் கிடந்தால் யாரால் ஆட முடியும்?

நான் காசு கொடுத்து வாங்கிய வேறொரு விதிநூல் பக்கத்துக்குப் பக்கம் பழந்தோல் நிறப் பின்னணியும் ஓவியமுமாக மிக அழகாக இருந்தது. ஆனால் 2 ஜிபி நினைவகம் கொண்ட என் டெப்பில் ஒவ்வொரு பக்கமும் முதலில் மங்கலாக வந்து, சிறிது நேரம் கழித்தே தெளிந்தது. சில வெளியீட்டாளர்கள் பின்னணியை நீக்கிக்கொள்ளும் வகையில் கோப்பை அடுக்குகளாகத் தருகிறார்கள். அச்சிட ஏற்ற வெறும் பதிப்பைத் தருவோரும் உண்டு. வாங்குமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டு 1974 இல் முதன்முதலாக வந்தபோது மூன்று சிறு கையேடுகளாகவே ஒரு பெட்டியில் இருந்தது. அவற்றின் அகலம் 5.5 அங்குலம், அதாவது தலவாக்கலை நண்பரின் திரை அகலத்துக்கு மிக அருகில். அந்த அளவில், ஒற்றைப் பத்தியில், இன்றும் பல சிறு விளையாட்டுகள் வெளிவருகின்றன. சிறிய டெப் வைத்திருப்போர் முதலில் அவற்றைத் தேடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

நுவரெலியாவிலிருந்து:

எங்கள் ஊர்ப் பனிமூட்டத்தில் ஈரக்கை பட்டால் திரை தானாகவே பக்கம் தாவும். தேநீர்க் கோப்பையை எடுத்த கையால் டெப்பைத் தொடுவதில்லை என்றொரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். இன்னொன்று: டெப்பை நிறுத்தி வைத்தால் கதை நடத்துபவரின் முகம் மறைகிறது, கண் திரையிலேயே தங்கிவிடுகிறது. மேசையில் படுக்க வைத்தபின் ஆட்டம் வேறாகிவிட்டது.

மீண்டும் தலவாக்கலையிலிருந்து:

பண்டாரவளை நண்பருக்கு நன்றி. ஓரங்களை வெட்டியபின் கிடையாகவும் பிடித்துப் பார்த்தேன். கண்ணுக்கு இதமாக இருக்கிறது.

ஒரே டெப்பை ஐவர் பங்கிட முடியாது என்பதால் இன்னொரு வேலையும் செய்தோம். 2023 ஜனவரியில் அந்த அடிப்படை விதித்தொகுப்பு, மூலத்தைக் குறிப்பிட்டால் எவரும் படியெடுக்கவும் மொழிபெயர்க்கவும் கூடிய கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளியானது. அதன்பின், டெப்பில் அடிக்கடி தேட வேண்டியிருந்த 15 உடல்நிலைகளையும் தமிழாக்கி, ஒரே தாளில் போட்டோக்கொப்பி எடுத்து, மூலத்தின் பெயரை அடியில் இட்டு, ஆளுக்கொன்று கொடுத்தேன். தமிழ் மொழிமூலம் படித்த தம்பிமார் திரைக்காகக் காத்திராமல் தாங்களே விதி பார்க்கத் தொடங்கினார்கள்.

சொற்களைத் தேர்வதில்தான் அதிக நேரம் போனது. பிடிபட்டவர், கட்டுண்டவர், விழுந்துகிடப்பவர் என்பவை எளிதாக அமைந்தன. மந்திரத்தால் மனம் கவரப்பட்டவரை முதலில் 'மயங்கியவர்' என்று எழுதியிருந்தேன். முதல் ஆட்டத்திலேயே அதை உணர்விழந்தவர் என்று எடுத்துக்கொண்டு, ஒருவர் தன் பாத்திரத்தைத் தரையில் சாய்த்துவிட்டார். அந்தச் சொல்லை நீக்கிவிட்டு 'வசியப்பட்டவர்' என்று மாற்றினேன். எங்களில் இளையவர் தாளைப் பார்த்ததும், "அப்படின்னா வசியம் வச்சவர நான் அடிக்கக் கூடாது, அதானே?" என்றார். விதிநூலும் அதையேதான் சொல்கிறது.