மயக்க மருந்து மெஷின் 'பாஸ்' காட்டினால் போதுமா?

ஈசூன் தங்கை: அறுவை அரங்கில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். காலையில் மெஷின் தானே சோதித்து 'பாஸ்' என்கிறது. அதற்கு மேல் கையால் என்ன பார்க்க வேண்டும்? திங்கட்கிழமைகளில் மூத்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்கிறார்களே, ஏன்?

தேக்கா அக்கா: முதலில் அம்பு பேக், அதாவது கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை, தங்கச்சி. மெஷின் முழுதாக நின்றுபோனால் நோயாளிக்கு மூச்சுக் கொடுக்க அதுதான் கதி. பேக்கின் வாயை உள்ளங்கையால் அடைத்து அழுத்துங்கள். காற்று கசியக் கூடாது. அப்புறம் பின்னால் உள்ள ஆக்சிஜன் சிலிண்டர். திறந்து அழுத்தம் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். திறந்தே கிடந்தால், சுவர்க் குழாயில் அழுத்தம் இறங்கும்போது சத்தமில்லாமல் காலியாகிவிடும்.

திங்கட்கிழமை விஷயம் சோடா லைம், நோயாளி விடும் மூச்சிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சும் துகள்கள். வெள்ளிக்கிழமை யாராவது ஆக்சிஜனை ஓடவிட்டுப் போனால் அது காய்ந்துவிடும். வலுவான காரம் கலந்த வகை காய்ந்திருக்கும்போது டெஸ்ஃப்ளூரேன் என்ற மயக்க மருந்து பட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உருவாகும். சாதாரண பல்ஸ் ஆக்சிமீட்டர் அதைக் காட்டிக்கொடுக்காது. எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான்.

ஈசூன் தங்கை: நிறம் மாறுவதைப் பார்த்தால் தெரியாதா அக்கா?

தேக்கா அக்கா: தெரியாது. ஊதா நிறம், சோடா லைம் தீர்ந்துபோனதைத்தான் சொல்லும். காய்ந்ததைச் சொல்லாது. ராத்திரி சும்மா இருந்தால் அந்த ஊதாவும் வெளுத்துவிடும். ஆக்சிஜன் எவ்வளவு நேரம் ஓடியது என்று தெரியாவிட்டால் யோசிக்காமல் மாற்றச் சொல்லுங்கள்.

ஜூரோங் அண்ணன்: மயக்க மருந்தை ஆவியாக்கும் வேப்பரைசரில் மருந்து ஊற்றும் மூடியையும் இறுக்கிப் பாருங்கள். சோதனையின்போது வேப்பரைசர் ஆஃபில் இருந்தால், பல மெஷின்களில் அந்தக் கசிவு பிடிபடாது.