லிப்ரே ஆஃபிஸ் திறந்தவுடன் மூடிவிடுகிறது, தெரிந்தவர்கள் உதவுங்கள்

ஹட்டன் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு சாதாரண தர வகுப்பு நடத்துகிறோம். கணித வினாத்தாள் எல்லாம் லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரில்தான் இருக்கிறது. போன வாரம் டிஸ்ப்ளே டிரைவர் அப்டேட் ஆனதிலிருந்து அது திறப்பதே இல்லை. லோகோ வரும், கீழே கோடு முக்கால்வாசி ஓடும், அப்படியே மறைந்துவிடும். எரர் மெசேஜ் ஒன்றும் இல்லை.

டெஸ்க்டொப், வின்டோஸ் 10 (64 பிட்), 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்ட் கிடையாது. லிப்ரே ஆஃபிஸ் 7.6.

அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டோல் செய்தோம். மழைக்கு சிக்னல் விட்டு விட்டு வருவதால் டவுன்லோட் முடியவே ஒரு இரவு போனது, பலனில்லை. ஆப்டேட்டாவில், லிப்ரே ஆஃபிஸின் செட்டிங்ஸ் இருக்கும் யூசர் ஃபோல்டரின் பெயரை மாற்றியும் அதே கதை. பழைய டிரைவருக்குப் போகலாமென்றால் ‘ரோல் பேக்’ பட்டன் மங்கிக் கிடக்கிறது, அமுக்க முடியாது.

லிப்ரே ஆஃபிஸின் சேஃப் மோடில் மட்டும் ஒழுங்காகத் திறக்கிறது. அதனால் ஸ்கியா ரெண்டரிங்தான் (எழுத்தையும் படத்தையும் திரையில் வரைகிற பகுதி) காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் அங்கே அதை நிறுத்தினாலும் மூடியதும் அந்த மாற்றம் நிலைப்பதில்லை. போனில் திறந்தால் சமன்பாடெல்லாம் கலைந்துவிடுகிறது, தவணைப் பரீட்சையும் நெருங்கிவிட்டது.

மென்பொருளைத் திறக்காமலே ஸ்கியாவை நிரந்தரமாக நிறுத்துவது எப்படி?