பழைய எஸ்எஸ்ஆர் பதிவோடு பிரான்ஸ் போகலாமா?

கேட்டவர்: அலைமகன்
வணக்கம். போன மாதம் 28 அடி பாய்மரப் படகு ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன். ஜூலையில் மனைவியோடு இங்கிலாந்தின் சோலன்ட்டிலிருந்து பிரான்ஸின் செர்பூர் துறைமுகம், அங்கிருந்து ஆல்டர்னி தீவு, மறுபடி பிரான்ஸ், அப்புறம் வீடு என்று ஒரு சுற்று போக ஆசை. படகின் பின்பக்கம் எஸ்எஸ்ஆர் (பிரிட்டனின் சிறு கப்பல் பதிவேடு) எண் ஒட்டியிருக்கிறது. பதிவு முடிய இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, ஆனால் தாளில் இருப்பது விற்றவரின் பெயர். விற்பனைப் பத்திரம் என் கையில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் காட்டினால் போதாதா?

பதில்: பாய்மரம்
போதாது தம்பி. படகு கைமாறியதுமே அந்தப் பதிவு முடிந்துவிட்டது. தாளில் எந்தத் தேதி இருந்தாலும் செல்லாது. உங்கள் பெயரில் புதிதாகப் பதியுங்கள். ஆன்லைனிலேயே முடியும், ஐந்து வருடம் செல்லும். பழைய எண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது எண்ணை ஒட்டுங்கள். எழுத்து 30 மில்லிமீட்டர் உயரமாவது இருக்கட்டும். ஒரு பிரெஞ்சுத் துறைமுகத்தில் எங்கள் படகில் ஏறிய அதிகாரி முதலில் கேட்டதே இந்தத் தாளைத்தான், அதுவும் அசலை.

விற்பனைப் பத்திரத்தையும் விடாதீர்கள். எஸ்எஸ்ஆர் உரிமைக்குச் சான்று ஆகாது. படகு உங்களுடையது என்று சொல்வது பத்திரம்தான். வாட் வரி கட்டியதற்கான பழைய ரசீது இருந்தால் விற்றவரிடம் இப்போதே வாங்கிவிடுங்கள்.

பதில்: தென்றல்
படகு ரேடியோவின் விஎச்எஃப் உரிமத்தையும் பாருங்கள். அதுவும் படகோடு சேர்ந்து வராது, பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஆணையமான ஆஃப்காமில் உங்கள் பெயருக்கு எடுக்க வேண்டும், ஆன்லைனில் இலவசம். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நடுக்கடலில் ரேடியோவின் சிவப்பு ஆபத்துப் பொத்தானை அழுத்தினால் கடலோரக் காவலர்கள் அதன் எம்எம்எஸ்ஐ என்ற அடையாள எண்ணை வைத்துத்தான் விவரம் தேடுவார்கள். பழைய பதிவே இருந்தால் போன் விற்றவர் வீட்டில் அடிக்கும்.

ஒன்று கேட்கிறேன், மனைவிக்கு எந்த பாஸ்போர்ட்?

அலைமகன்
எனக்கு பிரிட்டிஷ், அவருக்கு இந்தியன். இங்கே வசிப்புரிமை இருக்கிறது.

பதில்: தென்றல்
அப்படியானால் அவருக்கு ஷெங்கன் (பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளின் பொது எல்லைப் பகுதி) விசா வேண்டும், அதுவும் பலமுறை நுழையும் விசா. ஆல்டர்னி ஷெங்கனுக்கு வெளியே. செர்பூரை விட்டுக் கிளம்பினாலே ஒருமுறை விசா தீர்ந்துவிடும், மறுபடி பிரான்ஸுக்குள் போக முடியாது. நுழையும்போதும் கிளம்பும்போதும் இருவரும் எல்லை அதிகாரிகளிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு வசதியுள்ள துறைமுகத்துக்குத்தான் முதலில் போக வேண்டும். செர்பூர் சரி.

பதில்: பாய்மரம்
விசாவை நான் யோசிக்கவே இல்லை, நல்லவேளை கேட்டீர்கள். இங்கிருந்து கிளம்ப 24 மணி நேரம் முதல் 2 மணி நேரம் முன்னால் வரை, அந்த இடைவெளிக்குள் உல்லாசப் படகு அறிக்கையை ஆன்லைனில் அனுப்புங்கள். திரும்பும்போதும் அதேதான். 12 கடல் மைல் எல்லைக்குள் வந்ததும், சுங்கத்துக்கு அறிவிக்கும் மஞ்சள் கியூ கொடி ஏறியிருக்க வேண்டும். தயிர் சாதம், கோழி வறுவல் எல்லாம் படகிலேயே முடியட்டும். பால், இறைச்சிப் பொருட்களைப் பிரான்ஸ் கரையில் இறக்கக் கூடாது.

அலைமகன்
மிக்க நன்றி இருவருக்கும். இன்று காலை எஸ்எஸ்ஆருக்கு விண்ணப்பித்துவிட்டேன். விற்றவரிடம் பேசினேன், 1998இல் வாங்கிய ரசீதைத் தேடித் தருகிறாராம். விசா கையில் வரும்வரை ஜூலைத் தேதியை முடிவு செய்யவில்லை.