மறு: உயரம் குறைந்த அறுகோண நட்டுக்குக் கலைச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். ஆங்கிலத்தில் thin nut எனப்படும் உயரம் குறைந்த நட்டுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் பேச்சில், முந்தைய மடல் ஒன்றுக்கு என் பதில்:

> ‘மென்மரை’ என்று வைத்துக்கொள்ளலாமே. மென்பொருள் போல வழக்கில் ஊன்றிவிடும்.

ஐயா, மென்மரையில் எனக்கு உடன்பாடு இல்லை. ‘மென்’ என்றால் பட்டறையில் இருப்பவன் மட்டமான, மெத்தென்ற இரும்பு என்றுதான் நினைப்பான். ஐஎஸ்ஓ 898-2 என்ற பன்னாட்டுத் தரம் இந்த நட்டுகளுக்கு 04, 05 என்று இரண்டு வலிமை வகுப்புகளைக் கொடுக்கிறது. முன்னால் நிற்கும் அந்தச் சுழி, ‘இது உயரம் குறைந்தது, போல்ட்டின் முழு பலத்துக்கும் இதை நம்பாதே’ என்பதற்கு அடையாளம். பின்னால் வரும் 4, 5 தாங்கு அழுத்தத்தைக் காட்டுகின்றன: பெயரளவில் 400, 500 மெகாபாஸ்கல். இதில் 05 வகுப்பைப் பழுக்கக் காய்ச்சி, அமிழ்த்தி, திரும்பவும் சூடேற்றிப் பதப்படுத்தியே விற்க வேண்டும். அவ்வளவு கெட்டியாக்கிய பொருளுக்கு மென்மரை என்று பெயர் வைத்தால் கடைக்காரரே சிரிப்பார்.

‘ஒல்லி நட்டு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒல்லி என்பது இடுப்பளவு. இந்த நட்டுக்கு இடுப்பு குறையவில்லை. எம்16, அதாவது 16 மி.மீ. போல்ட்டுக்கு, சாதாரண நட்டானாலும் இதுவானாலும் ஒரே 24 மி.மீ. ஸ்பேனர்தான். எம்10-க்கு ஐஎஸ்ஓ கணக்கில் 16, பழைய ஜெர்மன் தரமான டின் கணக்கில் 17. எம்12-க்கு 18, 19. இந்த ஒரு மில்லிமீட்டர் வம்பு அந்த அளவுகளில் சாதாரண நட்டுக்கும் உண்டு, இதற்கென்று தனியாக இல்லை. குறைந்திருப்பது உயரம் மட்டுமே. எம்10-இல் 8.4 மி.மீ. இருக்கும் இடத்தில் 5, எம்16-இல் 14.8-க்குப் பதில் 8. எம்20-இல் 18-க்குப் பதில் 10.

‘தட்டை நட்டு’ எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் தட்டை வாஷர் என்று ஒன்று ஏற்கெனவே பக்கத்து டப்பாவில் கிடக்கிறது. ஸ்டோரில் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தக் குழப்பம் போதும்.

‘அரை நட்டு’ கேட்க எளிது. அதற்கு லேத் ஓட்டுபவர்கள் ஒப்பமாட்டார்கள். லேத்தில் மரை வெட்டும்போது லீட் ஸ்குரூவை, அதாவது வெட்டுளியை நகர்த்தும் நீளத் திருகை, கவ்விப் பிடிக்கிறதே, இரண்டாகப் பிளந்த நட்டு, அதற்குப் பெயர் ஹாஃப் நட். காட்பாடிப் பக்கத்து லேத் பட்டறை எதில் போய் ‘அரை நட்டு’ என்றாலும் அவர்கள் கை அந்த லீவருக்குத்தான் போகும். கணக்கும் உதைக்கிறது. உயரம் போல்ட் விட்டத்தில் பாதியே தவிர, சாதாரண நட்டில் பாதி இல்லை. 8.4-இல் பாதி எப்படி ஐந்தாகும்?

என் முன்மொழிவு: குட்டை நட்டு. இந்தத் தரங்கள் நட்டை உயரத்தை வைத்தே பிரிக்கின்றன, குறைந்தது, வழக்கமானது, கூடியது என்று. தமிழில் குட்டை, இயல், நெட்டை என்று மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடும். குட்டை என்றால் குளம் என்று யாராவது கிளம்பினால், பக்கத்தில் நட்டு இருக்கும்போது அங்கே தவளை கத்தாது என்பேன்.

இன்னொன்றையும் பிரித்துக்கொள்ள வேண்டும். நம் வட்டாரத்தில் இதற்கு நடமாடும் பெயர் ‘செக் நட்டு’. அது இன்னொன்றோடு நெருக்கிக் கழலாமல் பூட்டும் வேலையின் பெயர், உருவத்தின் பெயர் இல்லை. முழு உயர நட்டையும் செக் நட்டாகப் போடுகிறார்கள். குட்டை நட்டு தனியாகவும் வேலை செய்கிறது. இடம் இல்லாத ஓரத்தில், இழுவை அதிகம் இல்லாத இடத்தில், அது ஒண்டியாகவே நிற்கும். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் காற்று சிலிண்டர்களின் கம்பி முனையைப் பாருங்கள். 32 மி.மீ. சிலிண்டர் என்றால் எம்10, 1.25 பிட்ச் (மரைச் சுற்றுகளின் இடைவெளி, மி.மீ.), முனையில் மாட்டிய ஃபோர்க்கு என்ற கவை அசையாமல் இருக்க அதன் பின்னால் நெருக்கிய ஒரு குட்டை நட்டு. நுண்பிட்ச் என்பதால் அது ஐஎஸ்ஓ 8675-இல் வரும். சாதாரண பிட்ச்சுக்கு ஐஎஸ்ஓ 4035. பைக்கில் கண்ணாடித் தண்டின் அடியில் இருப்பதும் இந்தச் சாதிதான். ஆகவே உருவத்துக்குக் குட்டை நட்டு, வேலைக்குப் பூட்டு நட்டு என்று இரண்டு பதிவு வேண்டும்.

வேலையைப் பேசும்போது ஒரு ஆதங்கம். ராணிப்பேட்டை தோல்ஷாப்புகளில் தோல் பதனிடும் டிரம்மு சட்டத்தை நிமிர்ந்து பார்த்தால் பத்துக்கு எட்டு இடத்தில் பெரிய நட்டு கீழே சட்டத்தை ஒட்டி, குட்டை நட்டு அதன் மேலே. தொப்பி போட்ட மாதிரி அழகாகத்தான் இருக்கும், ஆனால் தலைகீழ். கீழ் நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மேல் நட்டை முறுக்கும்போது மேல் நட்டு போல்ட்டைத் தன் பக்கம் இழுக்கிறது. கீழ் நட்டின் மரை, தான் சாய்ந்திருந்த முகத்தை விட்டு எதிர் முகத்துக்கு நகர்ந்துவிடும். இழுவை முழுக்க மேல் நட்டின் தலையில். எம்16-க்கு மரை பிட்ச் 2 மி.மீ., குட்டை நட்டில் மொத்தமே நாலு சுற்று. அந்த நாலு சுற்றில் பாரம் முழுவதையும் ஏற்றினால் மரை உரிந்துகொண்டு வரும். குட்டை முதலில் போய் உட்கார வேண்டும், அதன் மேல் முழு நட்டு இறுக வேண்டும். ஐஎஸ்ஓ 898-2-உம் இந்த வரிசையைத்தான் சொல்கிறது. ஃபிட்டரிடம் சொன்னால், ‘இன்னா சார், பெருசு மேல சிறுசுதானே குந்தும்’ என்பார். விளக்கக் குறிப்பில் இந்த வரிசையையும் சேர்த்துவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அன்புடன்,
ராணிப்பேட்டையிலிருந்து

—

மறு: மறு: உயரம் குறைந்த அறுகோண நட்டுக்குக் கலைச்சொல்

ஐயா, குட்டைக்கு என் ஓட்டு. ‘நட்டு’தான் உறுத்துகிறது. மரை என்று நல்ல தமிழ் இருக்கும்போது எதற்கு? குட்டை மரை என்றால் மாணவர்கள் பழகிக்கொள்வார்கள். பாலிடெக்னிக்கில் நான் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அறுகோணம் என்பதையும் அறுபட்டை ஆக்கலாம். எட்டுப்பட்டைத் தூண் என்கிறோமே. ஸ்பேனர் அளவைப் பட்டையிடை அகலம் என்று சொல்ல வசதி.

— சத்துவாச்சாரி

—

மறு: மறு: மறு: உயரம் குறைந்த அறுகோண நட்டுக்குக் கலைச்சொல்

வாத்தியாரய்யா, பட்டையிடை அகலத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இத்தனை நாள் ‘எதிர் முகங்களுக்கிடையேயான தூரம்’ என்று எழுதிக் கை வலித்தது. மரையை மட்டும் விட்டுக்கொடுக்க முடியவில்லை. மரை வெட்டு, மரை தேய்ஞ்சிடுச்சு, மரை கழண்டவன் என்று ஊரே பேசுவது நட்டின் உள்ளே ஓடும் புரியை. போல்ட்டுக்கும் மரை உண்டே. ‘குட்டை மரையின் மரை உரிந்தது’ என்று எழுதிப் பாருங்கள்.

மரைக்கு மற்றவர்களும் கை தூக்கினால் பதிவில் இரண்டையும் போட்டுக்கொள்வோம். இப்போதைக்கு என் வரைவு:

குட்டை நட்டு: உயரம், போல்ட் விட்டத்தில் ஏறத்தாழப் பாதியாக உள்ள அறுபட்டை நட்டு. விளிம்பு சீவியது (chamfered) இந்தியத் தரம் ஐஎஸ் 1364 நான்காம் பகுதி, எம்1.6 முதல் எம்64 வரை. சீவாதது ஐந்தாம் பகுதி, எம்1.6 முதல் எம்10 வரை. பூட்டு நட்டாகப் பயன்படும்போது முழு நட்டுக்கு அடியில் வரும்.

‘விளிம்பு சீவியது’ உங்களுக்குச் சரியா? பென்சில் சீவுவது போல் இருக்கிறது என்று இங்கே ஒருவர் சொல்கிறார்.

— ராணிப்பேட்டை