ஹைப்ரிட் பிக்கப் வாங்கினால் உண்மையிலேயே காசு மிச்சமாகுமா?

மண்சாலை கேட்டது:

அமெரிக்காவில் ஒரு பிக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கூடுதல் விலை கொடுத்து ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தது) எடுக்கலாமா என்பதுதான் கேள்வி. புதியதோ, ஒன்றிரண்டு வருடம் ஓடியதோ, எதுவானாலும் சரி. ஓட்டம் வருடத்துக்கு 12,000 மைல் வரும். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஊருக்குள், சிக்னல் நெரிசலில். பின்னால் சரக்குத் தட்டில் எப்போதும் 600 பவுண்டு கருவிகள் இருக்கும். சாதாரணமாக இழுப்பது 1,500 பவுண்டு ட்ரெய்லர், கோடையில் மட்டும் 3,500 பவுண்டு படகு. குளிர்காலத்தில் மூன்று மாதம் உறைநிலைக்குக் கீழே போகும் ஊர். எட்டு வருடம் வைத்திருப்பேன்.

"ரெண்டே வருஷத்தில் போட்ட காசு திரும்பிடும்" என்கிறார்கள் சிலர். "பேட்டரி மாத்துற செலவுல எல்லாம் போயிடும்" என்கிறார்கள் சிலர். மனதில் இருப்பவை ஃபோர்டு மேவரிக், ஃபோர்டு எஃப்-150 பவர்பூஸ்ட் (அதன் ஹைப்ரிட்), டொயோட்டா டன்ட்ரா. கணக்கோடு யாராவது சொல்லுங்களேன்.

---

கணக்குப்பிள்ளை:

முதலில் ஒன்று. "காலனுக்கு இத்தனை மைல்" என்ற எண்ணை வைத்து மிச்சத்தைக் கணக்குப் போடாதீர்கள், அது ஏமாற்றும். காலனுக்கு 15 மைல் கொடுக்கும் வண்டி 18 ஆனால் 100 மைலுக்கு 1.1 காலன் மிச்சம். 35 கொடுக்கும் வண்டி 38 ஆனால் 0.2 காலன்தான். இரண்டிலும் கூடியது அதே மூன்று மைல். அதனால் 100 மைலுக்கு எத்தனை காலன் என்று பாருங்கள். புது வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் இபிஏ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை) லேபிளில் பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அது இருக்கும். யாரும் கவனிப்பதில்லை.

காலன் 3.25 டாலர் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

2024 மேவரிக், முன்சக்கர இழுவை. ஹைப்ரிட்டின் இபிஏ எண் ஊருக்குள் 42, ஹைவேயில் 33. ஹைப்ரிட் அல்லாத 2.0 லிட்டர் ஈகோபூஸ்ட் டர்போவுக்கு 23, 30. ஊருக்குள் 100 மைலுக்கு 4.35 காலன் குடிப்பது 2.38 ஆகிறது, அதாவது 6.40 டாலர் மிச்சம். ஹைவேயில் 3.33 காலன் 3.03 ஆகிறது. மிச்சம் ஒரு டாலருக்கும் குறைவு.

அந்த வருடம் ஹைப்ரிட்டுக்குக் கூடுதல் விலை 1,500 டாலர். ஊருக்குள் மட்டுமே ஓட்டுபவருக்கு 23,500 மைலில் அது திரும்பிவிடும். ஹைவேயில் மட்டுமே ஓட்டுபவருக்கு 1,52,000 மைல் ஆகும். "ரெண்டு வருஷம்" என்பவரும் "வரவே வராது" என்பவரும் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை, ஓட்டும் சாலைதான் வேறு.

உங்கள் கலவைக்கு 100 மைலுக்குச் சராசரி 1.41 காலன், அதாவது 4.59 டாலர். சுமார் 32,700 மைலில், மூன்று வருடத்துக்குள், கூடுதல் விலை கழிந்துவிடும். எட்டு வருட 96,000 மைலுக்கு பெட்ரோலில் 4,400 டாலர் மிச்சம், 1,500 போனால் கையில் 2,900.

மாடல் வருடத்தைக் கவனியுங்கள். 2022-ல் மேவரிக்கில் ஹைப்ரிட்தான் அடிப்படை மாடல், ஈகோபூஸ்ட்டுக்குத்தான் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்போது திரும்பி வரவேண்டிய கூடுதல் விலை என்று ஒன்றே கிடையாது. 2024-ல் அது தலைகீழானது, 2025-ல் ஹைப்ரிட் மறுபடி அடிப்படைக்கு வந்தது. பழைய வண்டி பார்க்கிறீர்கள் என்றால், அன்று புதிதாக என்ன வித்தியாசம் என்பது உங்களுக்கு வேண்டாத கதை. இன்று சந்தையில் என்ன வித்தியாசம் கேட்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

2021 எஃப்-150 பவர்பூஸ்ட், நாலு சக்கர இழுவை: ஊரும் ஹைவேயும் கலந்து காலனுக்கு 24 மைல். அதே 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் ஹைப்ரிட் இல்லாமல் 20. 100 மைலுக்கு 0.83 காலன், 2.70 டாலர். 96,000 மைலுக்கு 2,600 டாலர். ஆகவே ஒரே டிரிம் (வசதிகளின் படிநிலை), ஒரே கேபின், ஒரே டிரைவில் டீலர் கேட்கும் வித்தியாசம் 2,600-க்குள் இருந்தால்தான் பெட்ரோல் கணக்கில் லாபம். டிரிம் மாற்றி ஒப்பிட்டால் தோல் சீட்டுக்கும் பெரிய திரைக்கும் கொடுத்த காசையும் ஹைப்ரிட் தலையில் கட்டிவிடுவீர்கள்.

டன்ட்ராவின் ஹைப்ரிட்டான ஐ-ஃபோர்ஸ் மேக்ஸ், நாலு சக்கர இழுவை: கலந்து 20, ஹைப்ரிட் இல்லாமல் 19. வருடத்துக்கு நூறு டாலர் தேறினால் பெரிது. அது 437 குதிரைத்திறனுக்காகச் செய்த ஹைப்ரிட், சிக்கனத்துக்காக அல்ல.

வட்டியையும் மறக்காதீர்கள். கடனில் வாங்கினால் கூடுதல் விலைக்கும் சேர்த்துத்தான் வட்டி ஓடும். சில மாநிலங்கள் ஹைப்ரிட்டுக்கு வருடாந்திரப் பதிவுக் கட்டணத்தில் தனியாக ஒரு தொகை சேர்க்கின்றன. அதை மிச்சத்திலிருந்து கழியுங்கள்.

---

பல்சக்கரம்:

பெட்ரோல் கணக்கு சரி. பராமரிப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே வகை ஹைப்ரிட் இல்லை.

மேவரிக்கில் இருப்பது ஒரு கோள்பல்சக்கரத் தொகுதியும் இரண்டு மோட்டாரும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் கிடையாது, கியர் மாற்றும் கிளட்ச் அடுக்குகள் கிடையாது, தனி ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் கிடையாது. 2.5 லிட்டர் எஞ்சினில் டர்போவும் இல்லை. சாதாரண வண்டியில் 1,00,000 மைலுக்கு மேல் தொல்லை கொடுக்கும் உருப்படிகளில் பாதி இதில் இல்லவே இல்லை. ஹைப்ரிட் என்பதால் சிக்கல் அதிகம் என்ற பேச்சு இந்த வகைக்குப் பொருந்தாது.

எஃப்-150-யும் டன்ட்ராவும் வேறு ஜாதி. எஞ்சினுக்கும் 10 கியர் ஆட்டோமேட்டிக்குக்கும் நடுவில் ஒரு மோட்டாரைச் செருகியிருக்கிறார்கள். இரட்டை டர்போ அப்படியே, கியர்பாக்ஸ் அப்படியே, அதற்கு மேல் பேட்டரி, இன்வெர்ட்டர், அவற்றுக்கான குளிரூட்டல். எதுவும் குறையவில்லை, கூடியிருக்கிறது. இங்கே பராமரிப்பில் மிச்சம் என்று யாராவது சொன்னால் பிரேக் பேடைத் தவிர வேறு எதைக் காட்டுகிறார் என்று கேளுங்கள்.

அந்த பிரேக் பேட் விஷயமும் பாதிதான் உண்மை. மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பேட் தேய்மானம் வெகுவாகக் குறையும். ஆனால் சாலையில் உப்புப் போடும் ஊரில், அடிக்கடி அழுத்தப்படாத பிரேக்கில் காலிப்பர் பின்கள் (பேடைப் பிடிக்கும் பாகம் நகரும் தண்டுகள்) துருப்பிடித்து இறுகும். உள்பக்க பேட் கரைந்துபோய், வெளிப்பக்க பேட் புதிது போல் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி, பின்களை உருவித் துடைத்து, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் தடவிப் போட்டால் இந்தத் தொல்லை வராது. பேட் பாதிக்கு மேல் இருக்கிறதே என்று அப்படியே விட்டால் ரோட்டரோடு சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

பேட்டரி பயத்துக்கு வருவோம். ஃபோர்டு ஹைப்ரிட் பாகங்களுக்கு 8 வருடம் அல்லது 1,00,000 மைல் வாரன்டி தருகிறது. டொயோட்டா ஹைப்ரிட் பேட்டரிக்கு 10 வருடம் அல்லது 1,50,000 மைல். புதிதாக வாங்கினால் உங்கள் எட்டு வருடமும் 96,000 மைலும் இரண்டிலும் அடங்கிவிடும். பழைய வண்டி என்றால் முதல் விற்பனைத் தேதியிலிருந்து எண்ணுவார்கள், நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து அல்ல.

ஹைப்ரிட் பேட்டரியைச் சாகடிப்பது பெரும்பாலும் சூடு. கேபின் காற்றை இழுத்து பேட்டரியைக் குளிரவைக்கும் மாடல்களில் பின்சீட்டுப் பக்கம் ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். அதன் முன்னால் பை, துணி, கருவிப்பெட்டி எதையும் வைக்கக் கூடாது. ஃபில்டர் இருந்தால் கழற்றித் தூசி தட்ட வேண்டும். நாய் ஏறும் வண்டியில் முடி அடைத்துக்கொள்ளும். பின்சீட்டில் மின்விசிறிச் சத்தம் வழக்கத்தைவிட உரக்கக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

இன்னொன்று, சின்ன 12 வோல்ட் பேட்டரி. அது இறங்கிப்போனால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி உயிர் பெறாது. பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்களை மூடுவதே அந்த 12 வோல்ட்தான். "ஹைப்ரிட் செத்துப்போச்சு" என்று டோ வண்டியில் வந்து, சாதாரண பேட்டரி மாற்றிக்கொண்டு போவது அடிக்கடி நடப்பது.

---

கொக்கி:

மேலே இரண்டு பேரும் ட்ரெய்லரைத் தொடவில்லை. இவர் விஷயத்தில் முடிவு செய்வதே அதுதான்.

2024 வரை மேவரிக் ஹைப்ரிட் இழுக்கக்கூடியது 2,000 பவுண்டுதான், முன்சக்கர இழுவை மட்டும். உங்கள் படகு 3,500. அந்த வருடங்களில் 4,000 பவுண்டு வேண்டுமென்றால் நாலு சக்கர இழுவை ஈகோபூஸ்ட்டும் இழுவைப் பேக்கேஜும் எடுக்க வேண்டும். 2025-லிருந்துதான் ஹைப்ரிட்டில் நாலு சக்கர இழுவையும் 4,000 பவுண்டு பேக்கேஜும் வந்தன. கணக்குப்பிள்ளை சொன்ன 2,900 டாலர் மிச்சம் உங்கள் படகை இழுக்க முடியாத வண்டிக்குப் போட்ட கணக்கு.

எஃப்-150 எடுத்தால் இழுவை பிரச்சினை இல்லை, ஏற்றும் எடை பிரச்சினை. ஹைப்ரிட் பாகங்களின் எடை வண்டியின் கொள்ளளவிலிருந்துதான் கழியும். 2021-ல் வந்தபோது 3.5 ஈகோபூஸ்ட்டுக்கு அதிகபட்ச பேலோட் (ஏற்றக்கூடிய எடை) 3,250 பவுண்டு, பவர்பூஸ்ட்டுக்கு 2,120. அதுவும் விளம்பர எண். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பட்டை ஸ்டிக்கரில் அந்தக் குறிப்பிட்ட வண்டியின் எண் இருக்கும். சன்ரூஃப், பெரிய கேபின் எல்லாம் சேர்ந்தால் நிறையவே குறைந்திருக்கும்.

ஒரு பேச்சுக்கு ஸ்டிக்கரில் 1,400 என்று வைத்துக்கொள்வோம். ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் அமரும். 3,500-க்கு அதிகபட்சம் 525. உள்ளே இரண்டு பேர், 350. மீதி 525. உங்கள் கருவிகள் 600. இழுவைத் திறனில் பாதிகூடத் தொடாமலே பேலோட் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். பின்பக்கம் தாழ்ந்து, முன்சக்கரப் பிடி குறைந்து, ஸ்டீயரிங் லேசாகும்.

இழுக்கும்போது ஹைப்ரிட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். 65 மைல் வேகத்தில் சீராகப் போகும்போது பிரேக் போடுவதே இல்லை, பேட்டரியில் திருப்பிச் சேர்க்க ஒன்றும் இல்லை. ட்ரெய்லர் மீது அடிக்கும் காற்றை வெல்வது முழுக்க எஞ்சின் வேலை. பவர்பூஸ்ட்டின் பேட்டரி 1.5 கிலோவாட் மணி, மோட்டார் 35 கிலோவாட். முழு விசையில் உதவினால் காகிதக் கணக்கிலேயே இரண்டரை நிமிடம். பேட்டரியை முழுதாகக் காலி செய்ய விடமாட்டார்கள் என்பதால் நிஜத்தில் இன்னும் குறைவு. நீண்ட ஏற்றத்தில் பாதியிலேயே தனி எஞ்சின்தான். நீண்ட இறக்கத்தில் இதற்கு நேரெதிர்: பேட்டரி சீக்கிரம் நிறைந்துவிடும், மோட்டார் தடுப்பது நின்றுவிடும், முழுச் சுமையும் பிரேக்கில் விழும். இறக்கத்துக்கு முன்பே டோ மோடு (இழுவைக்கான அமைப்பு) போட்டு கீழ் கியரில் விடுங்கள்.

---

மண்சாலை:

எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் 2025 மேவரிக் ஹைப்ரிட், நாலு சக்கர இழுவை, 4,000 பவுண்டு பேக்கேஜ் என்றுதான் முடிவு போகிறது. குளிர்காலத்தில் மைலேஜ் எவ்வளவு அடிவாங்கும்? எஃப்-150-யின் ஜெனரேட்டர் வசதிக்கு ஏதாவது மதிப்புப் போடலாமா?

---

பல்சக்கரம்:

குளிரில் அடி விழும், ஹைப்ரிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே. சிக்னலில் எஞ்சின் அணைந்து நிற்பதுதான் இதன் லாபமே. ஹீட்டருக்கு வெந்நீர் வேண்டுமென்றால் எஞ்சின் ஓடியே ஆக வேண்டும். போதாததற்குக் குளிர்ந்த பேட்டரி பிரேக் சக்தியை முழுதாக வாங்காது. மூன்று நான்கு மைல் ஓட்டமாகவே இருந்தால், சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும், மிச்சம் ஒன்றும் இராது. சின்ன வேலைகளை ஒரே சுற்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேபின் சூட்டைக் குறைத்து வைத்து, சீட் ஹீட்டரும் ஸ்டீயரிங் ஹீட்டரும் இருந்தால் அவற்றைப் போடுங்கள், எஞ்சின் சீக்கிரம் அணையும்.

இதே காரணத்துக்காக ஆயிலை மைல் பார்த்து மட்டும் மாற்றாதீர்கள். எஞ்சின் விட்டு விட்டு ஓடுவதால் ஆயில் நன்றாகச் சூடாகாது, அதில் கலக்கும் பெட்ரோலும் ஈரமும் ஆவியாகிப் போகாது. டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியிருந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ மைல் எவ்வளவு என்று பார்க்காமல் மாற்றுங்கள். வண்டியின் ஆயில் மானிட்டர் என்ன சொன்னாலும் வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம்.

---

கணக்குப்பிள்ளை:

ஜெனரேட்டர் பற்றி: 2021-ல் எஃப்-150 பவர்பூஸ்ட்டில் 2.4 கிலோவாட் கூடவே வந்தது, 7.2 கிலோவாட் கூடுதல் காசுக்கு. எப்படியும் ஒரு ஜெனரேட்டர் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் அதன் விலையை ஹைப்ரிட்டின் கூடுதல் விலையிலிருந்து கழிக்கலாம், நியாயமான கணக்கு. வேலையிடத்தில் கருவிகளுக்காக நாள் முழுக்க எஞ்சினை ஓடவிடுபவருக்கு இன்னும் லாபம்: சாதாரண பிக்கப் சும்மா நிற்கும்போதே மணிக்குச் சுமார் அரை காலன் குடிக்கும், பவர்பூஸ்ட் பேட்டரி இறங்கும்போது மட்டும் எஞ்சினைக் கிளப்பிவிட்டு அணைத்துவிடும். நீங்கள் எழுதியதில் அப்படி ஒரு தேவை தெரியவில்லை. வேண்டாத வசதிக்கு விலை போடாதீர்கள்.

2025 நாலு சக்கர இழுவை ஹைப்ரிட்டின் இபிஏ எண் ஊருக்குள் 40, ஹைவேயில் 34. மேலே போட்ட அதே வழியில், பக்கத்தில் நிற்கும் ஈகோபூஸ்ட்டின் லேபிளை வைத்து நீங்களே போட்டுவிடலாம்.

---

கொக்கி:

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு விஷயம். அந்த 4,000 பவுண்டு பேக்கேஜ் தொழிற்சாலையிலேயே போட்டதா என்று விலைப்பட்டியலில் பாருங்கள். பம்பரில் கொக்கி இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், வாங்கிய பிறகு பொருத்திய கொக்கியால் வண்டியின் வரம்பு அதிகரிக்காது. மேவரிக்கிலும் கதவுத் தூண் ஸ்டிக்கரைப் படித்து மேலே போட்ட கழித்தலை அப்படியே செய்யுங்கள். படகு இழுக்கும் நாளில் 600 பவுண்டு கருவிகளை வீட்டில் இறக்கி வைத்தால் தாராளமாகப் போகும்.