வீட்டுப் பின்புறம் நிற்கும் பழைய டீசல் தொட்டியை அகற்றுவது எப்படி?

ஆயர் ஈத்தாம்வாசி:

வணக்கம். பினாங்கு, ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் வீட்டின் பின்புறத்தில், அப்பா லோரி ஓட்டிய காலத்தில் டீசல் சேமிக்க வைத்த உருளை வடிவ இரும்புத் தொட்டி செங்கல் தூண்களின் மேல் படுக்கைவாட்டில் இருக்கிறது. விட்டம் 1.1 மீட்டர், நீளம் 1.2 மீட்டர். அப்பா காலமான பிறகு அதை யாரும் தொடவில்லை. குச்சியை விட்டுப் பார்த்தபோது 7 சென்டிமீட்டர் வரை கறுத்த குழம்பு ஒட்டி வந்தது. அடித்தகடு கசியத் தொடங்கி, அருகிலுள்ள அம்மாவின் கறிவேப்பிலைச் செடி ஒரு பக்கமாகப் பட்டுப்போயிருக்கிறது. பழைய இரும்பு வாங்குபவர், இருந்த இடத்திலேயே கேஸ் வைத்து வெட்டி எடுத்துக்கொள்கிறேன், டீசல்தானே, ஒன்றும் ஆகாது என்கிறார். அம்மா சம்மதித்துவிட்டார், எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பிறைத் தொழிலாளி:

தம்பி, தயவுசெய்து அவரை வெட்ட விடாதீர்கள். எண்ணெய்த் தொட்டிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். டீசல் ஏறக்குறைய 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் என்பதால், நம் ஊர் வெயிலில் அது சாதுவாகத்தான் தெரியும். ஆனால் கேஸ் சுடர் பட்ட தகடு நூற்றுக்கணக்கான பாகைக்குச் சூடேறும்போது, உட்சுவரில் படிந்த எண்ணெயும் துருவுக்குள் ஊறியிருக்கும் எண்ணெயும் ஆவியாகி உள்ளிருக்கும் காற்றோடு கலந்துவிடும். அதைப் பற்றவைக்கும் நெருப்போ வெட்டுபவரின் கையிலேயே இருக்கும். நிரம்பிய தொட்டியில் காற்றுக்கு இடம் குறைவு. காலித் தொட்டிதான் வெடிக்கும்.

உங்கள் அளவுப்படி உள்ளே இருப்பது சுமார் 30 லிட்டர்தான்; 200 லிட்டர் ட்ரம் ஒன்றே போதும். கைப்பம்பால் உறிஞ்சிவிட்டு, மிச்சத்தை நீளமான மரக்கட்டையால் வெளியே நின்றபடியே வழித்தெடுக்க வேண்டும். யாரும் உள்ளே தலையை விடக் கூடாது. 3 மில்லிமீட்டர் தகடு என்றால் வெறும் தொட்டி 150 கிலோவுக்குள்தான் இருக்கும். துளைகளை அடைத்து, கிரேன் பொருத்திய லோரியில் முழுசாகவே ஏற்றி அனுப்புங்கள். கசிவுக்குக் காரணம், இரவுக் குளிரில் வியர்த்து டீசலுக்கு அடியில் தங்கும் தண்ணீர். அதில் நுண்ணுயிர்கள் பெருகிக் கறுத்த சளியாகும், இரும்பும் அடியிலிருந்து அரிக்கும்.

கோலாலம்பூர் வாசகி:

கழுவும் தண்ணீரைக் கால்வாயில் விடாதீர்கள். உங்கள் பகுதியில் அது ஆயர் ஈத்தாம் ஆற்றின் வழியாகப் பினாங்கு ஆற்றில்தான் போய்ச் சேரும். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு (ஆபத்தானவை என்று பட்டியலிட்ட கழிவுகள், சுருக்கமாக எஸ்டபிள்யு) விதிமுறைகளில் எண்ணெய்க் கசடுக்கு எஸ்டபிள்யு 311, சிந்திய எண்ணெயை அகற்றும்போது கிடைக்கும் மண்ணுக்கு எஸ்டபிள்யு 408, எண்ணெய் படிந்த கலனுக்கு எஸ்டபிள்யு 409 என்று தனித்தனிக் குறியீடுகள் உண்டு. எனவே குப்பை லோரியில் ஏற்றாமல், சுற்றுச்சூழல் துறையின் பினாங்கு அலுவலகத்தில் உரிமம் பெற்ற சேகரிப்பாளர்களைப் பற்றிக் கேளுங்கள். செடியைச் சுற்றி எண்ணெய் வாடை அடிக்கும் மண்ணையும் தோண்டித் தனியே கட்டி வையுங்கள்.

குழாய்களையும் கவனியுங்கள். குளிருக்காக எண்ணெய் எரிக்கும் வட அமெரிக்க வீடுகளில், தொட்டியை எடுத்த பிறகும் சுவரில் விட்டுவைத்த நிரப்புக் குழாயில், முகவரி மாறி வந்த வண்டி எண்ணெயை ஊற்றி, நிலவறையே நனைந்த சம்பவங்கள் உண்டு.

ஆயர் ஈத்தாம்வாசி:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. இரும்புக்காரரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அம்மாவுக்கும் விளக்கினேன். குழாயைப் பற்றி அக்கா சொன்ன பிறகு போய்ப் பார்த்தால், சிமெண்டுத் தரைக்கு அடியில் ஒன்று முன்வாசல் வரை ஓடுகிறது. முனையிலிருந்த மூடியைத் தளர்த்தியதும் இன்னும் டீசல் சொட்டியது. இறுக்கி மூடி, கீழே ஒரு வாளி வைத்திருக்கிறேன். தொட்டியோடு அதையும் தோண்டி எடுக்கச் சொல்லப் போகிறேன்.