தொண்டை கட்டுவது வாத்தியார் வேலையின் தலையெழுத்தா?

நடுநிலைப் பள்ளி ஆசிரியை, மேலூர் பக்கம்

எங்கள் வகுப்பை ஒட்டியே பஸ் போகும் சாலை. மேலே தகரக் கூரை. சுற்றிலும் இரைச்சல் ஏற ஏற, நம்மை அறியாமலே குரலும் ஏறிவிடுகிறது. மத்தியானத்துக்கு மேல் நாம் கத்திக்கொண்டிருப்பதைப் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து சொன்னால்தான் உண்டு.

முதலில் ஞாயிற்றுக்கிழமை ஓய்ந்தால் குரல் திரும்பிவிடும். அப்புறம் ஞாயிறு போயும் கரகரப்பு போகவில்லை. சுக்கு, சித்தரத்தை, பனங்கற்கண்டுப் பால் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியே மெல்லிய கேமராக் குழாயை விட்டுத் திரையில் காட்டினார். இரண்டு குரல்நாண்களிலும் நேருக்கு நேராகச் சின்னத் தடிப்பு. மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு விழுமே, அது மாதிரி. பெண்கள் பேசும்போது இந்த நாண்கள் நொடிக்குச் சுமார் 200 முறை ஒன்றோடொன்று மோதுகின்றனவாம். ஆண்களுக்கு ஏறக்குறைய அதில் பாதிதான். பால் ஏன் கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. விழுங்குவது உணவுக்குழாயில் போகிறது, நாண்கள் இருப்பதோ மூச்சு போகிற வழியில். தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. ஸ்பீச் தெரபிஸ்ட் பயிற்சி கொடுத்தார். தம்ளரில் பாதித் தண்ணீர், அதில் ஸ்ட்ரா, வாயை எடுக்காமல் 'ஊ' என்று குரல் கொடுத்து ஊத வேண்டும். குமிழி ஒரே சீராக வர வேண்டும், விட்டுவிட்டு வந்தால் மூச்சு சரியில்லை. தொண்டையைச் செருமக் கூடாது என்றார். குசுகுசுவென்று பேசுவதும் குரலுக்கு ஓய்வு ஆகாதாம்.

இடுப்பில் மாட்டும் சின்ன ஸ்பீக்கரும் மைக்கும் வாங்கிய பிறகுதான் எனக்கு நிம்மதி. ஆனால் என் கைக்காசு. சாக்பீஸைப் பள்ளி வாங்கித் தருகிறது, மைக்கை மட்டும் ஏன் ஆசிரியர் வாங்க வேண்டும்?

நீட் பயிற்சி மைய ஆசிரியர், மதுரை அண்ணாநகர்

டீச்சர், எங்களுக்கு மைக் உண்டு. இருந்தும் என் குரல் போனது. ஏசி அறையின் வறண்ட காற்று, ஒரு பேட்ச் முடிந்த கையோடு அடுத்த பேட்ச். அதைவிட மோசம் 2020 ஆன்லைன் வகுப்புகள். ஹெட்செட் காதை அடைத்துக்கொள்ள, நம் குரல் நமக்கே சரியாகக் கேட்காமல் சத்தம் கூட்டிவிடுகிறோம். எதிரில் யாரும் 'சார்' என்று குறுக்கே கேட்பதில்லை, அதனால் மூச்சுவிட இடைவெளியும் இல்லை. நேர் வகுப்பில் ஒரு பையன் சந்தேகம் கேட்கிற அந்த அரை நிமிடம்தான் நாண்களுக்கு ஓய்வு என்று இப்போது நம்புகிறேன். கணக்கு ஒன்றைப் பலகையில் போட்டுவிட்டு, பிள்ளைகள் செய்து முடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை.

தொடக்கப் பள்ளி ஆசிரியை, உசிலம்பட்டி

2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை ஆட்டம் பாட்டோடு கற்பிக்கிற 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது, பாட்டும் ஆட்டமும் என்றால் தொண்டை என்ன ஆகுமோ என்று பயந்தேன். நடந்தது வேறு. குழுவாகத் தரையில் உட்காரும் பிள்ளைகளிடம் பக்கத்தில் போய்ப் பேசினால் மெல்லிய குரலே போதும். சிரமம் பாட்டில்தான். பிள்ளைகளின் உச்சக் குரலுக்கு ஈடுகொடுத்தால் மறுநாள் நமக்குப் பேச்சு வராது. முதல் வரியை மட்டும் என் சுருதியில் எடுத்துக்கொடுப்பேன், மிச்சத்தை அவர்களே பாடுவார்கள். அமைதிப்படுத்தக் கத்துவதில்லை, கை தட்டினால் திருப்பித் தட்டுவார்கள்.

உடற்கல்வி ஆசிரியர், திருமங்கலம்

மைதானத்தில் சுவரே கிடையாது, கத்துவது அப்படியே காற்றோடு போகிறது. விசில்தான் துணை. எனக்குக் கரகரப்பு வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. சளிதான் என்று விட்டுவிடலாமா டீச்சர்?

மேலூர் ஆசிரியை

வேண்டாம் சார். நான்கு வாரம் தாண்டினால் கட்டாயம் குரல்நாணைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் எனக்கும் சொன்னார்கள். புகைப்பழக்கம் இருந்தால் அத்தனை நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், கேமரா வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.